ஒரு பைசா, ஒரு கண்ணாடி உலை: புனேயின் சிறுதொழில் வரலாற்றிலிருந்து

1908ஆம் ஆண்டு ஜூலை மாதம் சுதேசி இயக்கத்தின் இரு முன்னணித் தலைவர்கள் தண்டிக்கப்பட்டனர். 7ஆம் நாள் வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை. 22ஆம் நாள் பாலகங்காதர திலகருக்கு ஆறாண்டு நாடுகடத்தல். தீர்ப்புகளும் சிறைவாசமும் தமிழ் வாசகர் நன்கறிந்தவை. அவர்களோடு பிணைந்திருந்த இரு தொழில் முயற்சிகள் பிறகு என்ன ஆயின என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. தூத்துக்குடியின் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபரில் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தன. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. தலைவர் சிறைக்குள் சென்றார். 1911இல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது.

மற்றொரு முயற்சி புனே நகருக்கு வடமேற்கே, பம்பாய் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள தளேகாவ் என்னும் சிற்றூரில் நடந்தது. அது ஒரு கண்ணாடித் தொழிற்சாலை. பெயர் பைசா நிதிக் கண்ணாடித் தொழிற்சாலை. தொடங்கியது திலகர் சிறை சென்ற அதே 1908இல். அவர் மாண்டலேயில் இருந்த காலத்தில் அது மூடப்பட்டுவிடவில்லை. அதே ஊரில் தேசியக் கல்விக்காக நடத்தப்பட்ட சமர்த்த வித்யாலயத்தை அரசு 1910இல் மூடியபோதும் உலை எரிந்துகொண்டிருந்தது. சிறு, நடுத்தரத் தொழில்களே புத்தாக்கத்துக்கும் வளர்ச்சிக்கும் ஊற்று என்று இன்று அரசறிக்கைகளும் வங்கி விளம்பரங்களும் ஒரே குரலில் சொல்கின்றன. அக்கூற்றில் எவ்வளவு உண்மை, எந்த நிபந்தனைகளோடு உண்மை என்பதைப் பரிசீலிக்கத் தளேகாவ் நல்ல தொடக்கப் புள்ளி.

பைசா நிதியின் கருத்தை முன்வைத்து ஊர் ஊராக அலைந்தவர் அந்தாஜி தாமோதர் காளே. செல்வர்களிடம் பங்கு விற்பதற்கு மாறாக, ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு பைசா தரட்டும் என்பது அவர் கேட்டது. அன்றைய நாணயக் கணக்கில் 64 பைசா ஒரு ரூபாய். நாட்டின் 30 கோடி மக்களும் தந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 47 லட்சம் ரூபாய் சேரும் என்று தாளில் கணக்கிட்டுவிடலாம். நடைமுறையில் சேர்ந்தது அதன் மிகச் சிறு பகுதியே. அரசியல் நோக்கில் இது மக்களைத் திரட்டும் உத்தி. திலகரின் ஆதரவுக்கு அதுவும் ஒரு காரணம். பொருளியல் நோக்கில் இதற்கு வேறொரு விளைவு உண்டு. ஒரு பைசா கொடுத்தவர் ஆதாயப் பங்கை எதிர்பார்ப்பதில்லை. எனவே நிதியை நடத்தியவர்களுக்கு உடனடி இலாபம் காட்டவேண்டிய நெருக்கடி இருக்கவில்லை. தூத்துக்குடிக் கம்பெனியின் பங்குதாரர்களுக்கு அத்தகைய பொறுமையை எதிர்பார்க்க முடியாது. கடலில் ஒவ்வொரு நாளும் இழப்பு கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

கண்ணாடி ஏன்? விளக்குச் சிம்னி, வளையல், குப்பி முதலியவை ஆஸ்திரியாவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்திறங்கிய காலம் அது. மணல் உள்நாட்டில் உண்டு. ஆனால் சோடா இறக்குமதியானது. உலைக்கு வேண்டிய வெப்பம் 1,400 பாகை செல்சியசை எட்டவேண்டும். உருகிய கண்ணாடியைத் தாங்கும் களிமண் கலங்கள் வெடித்தால் ஒரு நாள் உழைப்பு முழுதும் வீண். எந்தக் களிமண், எத்தனை நாள் உலர்த்துவது, எப்போது ஊதுவது என்பவை நூலில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடியவை அல்ல. அவற்றை அறிந்த ஒருவர் வேண்டியிருந்தது. அவர் ஈஸ்வர் தாஸ் வார்ஷ்ணேய். ஜப்பானிலும், பின்னர் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் பயின்று திரும்பிய வட இந்தியர். தளேகாவின் உலையை நிலைநிறுத்தியதில் அவர் பங்கு பெரிது.

அங்கு நடந்தது தொழிற்சாலையும் பள்ளியும் கலந்த ஒன்று. பொருள் விற்றுவந்த பணம் பயிற்சியை ஓரளவு தாங்கியது. பயில்வோர் கை பொருளைச் செய்தது. தொழில் நிறுவனம் என்ற அளவில் மட்டும் மதிப்பிட்டால் அதைச் சுமாரானது என்றே சொல்லவேண்டும்: பெரும் இலாபம் ஈட்டவில்லை, இறக்குமதியை விரட்டிவிடவுமில்லை. பயின்றவர்கள் வேறு ஊர்களுக்குப் போய்விட்டனர். வார்ஷ்ணேயும் சில ஆண்டுகளில் வடக்கே சென்றார். பின்னாளில் பஹ்ஜோயில் ஐக்கிய மாகாணக் கண்ணாடித் தொழிற்சாலையை நிறுவினார். கணக்கு நோக்கும் மேலாளருக்கு இது இழப்பு: பயிற்சிச் செலவு ஒருவருடையது, பயன் மற்றவருடையது. ஆனால் 1914இல் போர் மூண்டு ஜெர்மானிய, ஆஸ்திரியச் சரக்கு நின்றபோது, இந்தியாவில் கண்ணாடி ஊதத் தெரிந்தவர்கள் ஆங்காங்கே இருந்தனர் என்பதற்குத் தளேகாவ் போன்ற இடங்களே காரணம். அந்தப் போர்க்காலத்தில், 1916இல், கராட் அருகே ஓகலே சகோதரர்களின் கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. அதன் பிரபாகர் அரிக்கேன் விளக்கு பிற்காலத்தில் மராத்தி வீடுகளில் பழகிய பெயராயிற்று.

ஒரு பட்டறையின் கணக்கேட்டில் இழப்பாகத் தெரிவது ஒரு வட்டாரத்தின் கணக்கில் வரவாக இருக்கக்கூடும். புத்தாக்கம் குறித்த பேச்சில் அடிக்கடி விடுபடுவது இதுவே. புதுமை செய்தவர் யார் என்று தேடும்போது நிறுவனத்தின் பெயரையே தேடுகிறோம். பயின்று வெளியேறிய தொழிலாளி அந்தத் தேடலில் சிக்குவதில்லை.

தளேகாவ் வெற்றிடத்தில் தோன்றவில்லை. புனேயின் அறிஞர்கள் அதற்கு முன்பே இரு பத்தாண்டுகளாகத் தொழில் பற்றி விவாதித்துவந்தனர். மகாதேவ கோவிந்த ரானடே 1890 முதல் புனேயில் தொழில் மாநாடுகளைக் கூட்டினார். 1892இல் டெக்கான் கல்லூரியில் இந்திய அரசியல் பொருளாதாரம் குறித்து ஆற்றிய உரையில், ஐரோப்பியப் பொருளியல் விதிகள் எல்லா நாட்டுக்கும் அப்படியே பொருந்தா என்று வாதிட்டார். பேஷ்வாக்களின் தலைநகராக இருந்த ஊர் 1818க்குப் பின் படைவீடாகவும் அலுவலக நகராகவும் மாறியிருந்தது. இருந்த கைத்தொழில்களுள் முதன்மையானது செம்பு, பித்தளைப் பாத்திரத் தொழில். கஸ்பா பேட்டையில் தாம்பட் ஆளி என்று செம்புக் கன்னார் தெரு ஒன்று இன்றும் உண்டு. சுத்தியல் ஓசையும் உண்டு, வீடுகள் மட்டும் குறைந்துவிட்டன.

இங்கே சங்கடமான கேள்வி ஒன்று எழுகிறது. உலோகத்தைத் தலைமுறைகளாகக் கையாண்ட தாம்பட்டுகளிடமிருந்து ஏன் புனேயின் பொறியியல் தொழில் கிளைக்கவில்லை? அவர்கள் தொழிலும் சிறுதொழில்தான், திறனும் குறைவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இறக்குமதித் தகடு வந்தபின் அவர்களுடைய தொழில் சுருங்கிவிடவுமில்லை. பாத்திரம் செய்வது சில காலம் பெருகவே செய்தது. ஆனால் தகடும் விற்பனையும் வணிகர் கையில் இருந்தன. கன்னார் கூலிக்கு அடித்தார். அதே ஊரில் 1854இல் தோன்றிய பொறியியல் பள்ளி, பின்னாளில் கல்லூரி, பொதுப்பணித் துறைக்கு ஆள் தயாரித்தது. அதன் வகுப்பறைக்கும் தாம்பட் தெருவுக்கும் இடையில் சாதியும் ஆங்கிலமும் நின்றன. தளேகாவிலும் பிறகு பொறியியல் பட்டறைகளிலும் முதலில் நுழைந்தவர்களுள் பெரும்பாலோர் படித்த உயர்சாதியினர். சிறுதொழில் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இவ்விரண்டையும் அடக்கிப் பேசுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

கிர்லோஸ்கர் கதை பலமுறை சொல்லப்பட்டது; ஆதலால் வேண்டிய அளவே போதும். பம்பாயில் தொழிற்கல்லூரி ஆசிரியராக இருந்த லட்சுமணராவ் கிர்லோஸ்கர் பெல்காமில் சைக்கிள் கடையில் தொடங்கி, தீவனம் நறுக்கும் கருவிக்கும் இரும்புக் கலப்பைக்கும் வந்தார். இரும்பு மண்ணை நஞ்சாக்கும் என்று உழவர் அஞ்சியதால் முதல் கலப்பைகள் விலைபோக நெடுநாள் ஆயிற்று என்பர். பெல்காமிலிருந்து வெளியேற வேண்டிவந்தபோது, 1910இல், ஔந்து சமஸ்தானத்தின் அரசர் நிலம் தந்தார். அங்கே எழுந்தது கிர்லோஸ்கர்வாடி. 1946இல் அவர் மகன் சாந்தனுராவ் புனேயில் ஆயில் எஞ்சின் நிறுவனத்தைத் தொடங்கினார். கட்கியில் தொழிற்சாலை எழுந்தது. ராணுவ வெடிமருந்துத் தொழிற்சாலை 1869 முதல் இருந்த பகுதி அது.

இந்த இடத்தில் கோயம்புத்தூரை நினைக்காமல் இருக்க முடியாது. 1926இல் உருவான பி. எஸ். ஜி. அறநிலையத்தின் தொழிற்கூடம், பயிற்சியையும் உற்பத்தியையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது. தளேகாவின் அமைப்பை ஒத்தது அது, காலத்தில் பிந்தியது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று அமைந்தது என்று கொள்ளவேண்டியதில்லை. கிணற்று நீரை இறைக்க வேண்டிய கரிசல் உழவரும் தக்காணத்து உழவரும் ஒரே வகைத் தேவையை எழுப்பினர். பம்பு செய்யும் பட்டறைகள் இரு வட்டாரங்களிலும் பெருகின.

இவ்வளவுக்குப் பின்னும் 1930களின் புனே தொழில் நகரம் அன்று. கோகலே அரசியல், பொருளியல் நிறுவனத்தின் இயக்குநர் த. ரா. காட்கில் அப்பத்தாண்டின் பிற்பகுதியில் நடத்திய நகர ஆய்வு 1945 முதல் நூலாக வெளிவந்தது. அதில் தெரியும் ஊர், அரசு வேலையையும் கல்விக்கூடங்களையும் படைவீட்டையும் நம்பிப் பிழைத்த ஊர். தொழில் என்றால் பீடி, பித்தளை, நெசவு போன்ற சிறு கூடங்கள். வேறு சொற்களில், சிறுதொழில் அங்கு ஏராளமாக இருந்தது, வளர்ச்சி இல்லை. சிறுமையே வளர்ச்சியை உண்டாக்கும் என்றால் அந்தப் புனே செழித்திருக்கவேண்டும். 1934இல் அ. ரா. பட் முன்னின்று தோற்றுவித்த மராட்டா வணிகத் தொழில் சபை இந்தப் பின்னணியில்தான் முக்கியமாகிறது. ஆலை முதலாளிகள் நிறைந்த பம்பாயின் சபைகளில் குரலற்றிருந்த சிறு உற்பத்தியாளர்களுக்கு அது பேசுமிடம் ஆயிற்று.

விடுதலைக்குப் பின் கொள்கை வகுப்பிலும் புனேயின் பொருளியலாளர்கள் முன்நின்றனர். கிராம, சிறுதொழில்கள் குறித்து 1955இல் அமைந்த குழுவுக்குத் தலைவர் த. கோ. கார்வே, புனே வணிகக் கல்லூரி ஒன்றின் முதல்வராக இருந்தவர். அக்குழுவின் முதல் கவலை வேலைவாய்ப்பு. இருக்கும் கைத்தொழிலாளர் வேலையிழக்கக் கூடாது என்பது. புத்தாக்கம் அதன் மொழியில் முதன்மை பெறவில்லை. 1961இல் பி. என். தாரும் எச். எஃப். லிடாலும் எழுதிய நூல், சிறு ஆலைகள் மூலதனத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துகின்றன என்ற நம்பிக்கையையே கேள்விக்கு உட்படுத்தியது. ஆயினும் 1967இல் 47 பொருள்களுடன் தொடங்கிய சிறுதொழில் ஒதுக்கீட்டுப் பட்டியல் 800ஐத் தாண்டி வளர்ந்தது. கடைசி 20 பொருள்கள் 2015இல்தான் நீக்கப்பட்டன. ஒதுக்கீடு பல பட்டறைகளை உயிரோடு வைத்தது. வளரும் பட்டறைக்கு அதே ஒதுக்கீடு தடையாகவும் இருந்தது: முதலீட்டு வரம்பைத் தாண்டினால் சலுகை போய்விடும், எனவே வளர்வதற்குப் பதில் தம்பி பெயரிலோ மனைவி பெயரிலோ இன்னொரு பட்டறையைத் திறப்பதே புத்திசாலித்தனமாயிற்று.

புனேயின் திருப்பம் ஒதுக்கீட்டால் வந்ததன்று. பம்பாய்க்குள் புதிய ஆலைகளுக்குக் கட்டுப்பாடு. 1962இல் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம். பிம்ப்ரி, சிஞ்ச்வாட், போசரியில் சாலையும் நீரும் மின்சாரமும் கொண்ட மனைகள். பிம்ப்ரியில் 1954 முதல் அரசின் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் இருந்தது. ஆகுர்டிக்கு பஜாஜ் ஆட்டோ வந்தது. 1966ஆம் ஆண்டு தனியே நின்று பார்க்கத் தக்கது. டெல்கோவின் புனே ஆலைப் பணி, இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம், பின்னாளில் தெர்மாக்ஸ் ஆன வான்சன் இந்தியா, ஹடப்சரில் சீரம் இன்ஸ்டிட்யூட் ஆகியவை அதே ஆண்டைச் சேர்ந்தவை.

இவற்றுள் சீரத்தின் தொடக்கம் தளேகாவை நினைவூட்டும். பந்தயக் குதிரை வளர்த்த பூனாவாலா குடும்பம், ஓய்வுபெற்ற குதிரைகளைப் பம்பாயின் ஹாஃப்கின் நிறுவனத்துக்குத் தந்துவந்தது. அவற்றின் இரத்தத்திலிருந்து நச்சு முறிவு மருந்து எடுக்கப்பட்டது. அந்த மருந்தைத் தாமே செய்தாலென்ன என்று சைரஸ் பூனாவாலா எண்ணியபோது அவரிடம் குதிரை இருந்தது, பணமும் ஓரளவு இருந்தது. அறிவு ஹாஃப்கினில் இருந்தது. அங்கிருந்தவர்கள் வந்து சேர்ந்தபின்தான் டெட்டனஸ் மருந்து உருவாயிற்று. தனியார் துணிச்சலின் கதையாக இது சொல்லப்படுவது தவறன்று. பொது நிறுவனம் ஒன்று பல பத்தாண்டுகளாகப் பயிற்றிவைத்த கைகளின் கதையாகவும் அதைச் சொல்லவேண்டும்.

போசரியின் லேத் பட்டறைகளுக்கும் இதே விதி பொருந்தும். டெல்கோவில் சுமந்த் மூல்காவ்கர் பயிற்சிக்கும் கருவி தயாரிப்புக்கும் தந்த முக்கியத்துவம் தொழில் வட்டாரத்தில் இன்றும் பேசப்படுகிறது. 1961இன் பயிலுநர் சட்டம் பெரிய ஆலைகளைப் பயிற்சி தரக் கட்டாயப்படுத்தியது. அங்கே பயின்றவர் எல்லோருக்கும் அங்கேயே வேலை கிடைத்துவிடவில்லை. சிலர் சேமிப்பையும் கூட்டுறவு வங்கிக் கடனையும் கொண்டு பழைய லேத் ஒன்றை வாங்கி, பழைய ஆலைக்கே உதிரிபாகம் செய்தனர். ஆலை வரைபடம் தரும். சில சமயம் மூலப்பொருளும் தரும். கேஜ் வைத்து அளந்து, பொருந்தாததைத் திருப்பி அனுப்பும். திருப்பி அனுப்பப்பட்ட சரக்கே பல பட்டறைகளுக்குப் பாடநூலாயிற்று. நூறு உருப்படியில் ஐந்து கழிந்தால் கூலியே மிஞ்சாது. எனவே உருப்படியைப் பிடித்துவைக்கும் ஃபிக்ஸ்சரை மாற்றிப் பார்ப்பார்கள், வெட்டுக் கருவியின் கோணத்தை மாற்றுவார்கள், இரு முறை பொருத்திச் செய்யும் வேலையை ஒரே முறையில் முடிக்க வழி காண்பார்கள். காப்புரிமைப் பதிவேட்டில் இவை ஏறுவதில்லை. புத்தாக்கத்தைக் காப்புரிமையால் மட்டும் அளக்கும் ஆய்வுகளுக்கு இவ்வகைப் பட்டறைகள் சோம்பேறிகளாகவே தோன்றும்.

ஆனால் இந்தக் கற்றலின் ஆதாயம் யாருக்குச் சேர்ந்தது? உருப்படியின் விலையை வாங்குபவரே நிர்ணயித்தார். பட்டறைக்காரர் செலவைக் குறைத்தால் அடுத்த ஒப்பந்தத்தில் விலையும் குறையும். பணமோ மூன்று மாதம் கழித்து வரும். பெரிய ஆலைக்குச் சிறு பட்டறை வட்டியில்லாமல் கடன் கொடுக்கும் விசித்திரமான நிதிச் சந்தை இது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனச் சட்டம் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்றும், தவறினால் கூட்டு வட்டி என்றும் விதித்தது. வழக்குத் தொடுத்தால் அடுத்த வரைபடம் வராது என்பதால், விதி பெரும்பாலும் ஏட்டிலேயே இருந்தது. 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்தின் வழியே, உரிய காலத்தில் தராத தொகையை வாங்குபவர் அவ்வாண்டுச் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது என்றானது. சிறியவர் பெரியவரை வழக்கு மன்றத்துக்கு இழுக்கத் தேவையில்லாத ஏற்பாடு என்பதால், முந்தைய விதியைவிட இது நுட்பமானது. எனினும் பதிவில்லாத சிறியவரிடம் வாங்கினால் போதும் என்று சிலர் ஒதுங்கும் வாய்ப்பையும் அது திறந்துவிட்டது.

வரையறையும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் 125 கோடி ரூபாய் முதலீடும் 500 கோடி ரூபாய் விற்றுமுதலும் வரை உள்ளவை நடுத்தர நிறுவனங்கள். போசரியில் நான்கு லேத்துடன் இயங்கும் பட்டறையும் இந்த வரம்பின் உச்சியில் நிற்கும் நிறுவனமும் ஒரே துறையின் புள்ளிவிவரத்தில் சேர்கின்றன. அத்துறை நாட்டின் வளர்ச்சிக்கு இவ்வளவு தந்தது என்ற கூற்றைப் படிக்கும் மாணவர் முதலில் கேட்கவேண்டியது, எந்த ஆண்டின் வரையறை என்பதே. தாம்பட் தெருவின் செம்புக் கன்னாரும் இதே கூட்டுத்தொகைக்குள்தான் இருக்கிறார்.

தளேகாவில் இப்போது பெரிய தொழிற்பேட்டை உள்ளது. கண்ணாடி உலை மூட்டப்பட்டு நூறாண்டு நிறைந்த 2008இல் ஜெனரல் மோட்டார்ஸ் அங்கு கார் ஆலையைத் திறந்தது. 2017இல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஏற்றுமதிக்காகச் சில காலம் ஓட்டியபின் 2020 இறுதியில் உற்பத்தியும் நின்றது. ஊழியர் இழப்பீட்டுக்காக நீண்ட காலம் வழக்காடினர். வேறு பல கார், டிராக்டர், மோட்டார் சைக்கிள் ஆலைகளுக்கும் உருப்படி செய்துவந்த பட்டறைகள் அந்த ஆர்டரை வேறிடத்தில் ஈடுகட்டிக்கொள்ள முடிந்தது. ஒரே ஆலையை நம்பியிருந்தவற்றுக்கு அந்த வழி இருக்கவில்லை. 2023 ஆகஸ்டில் ஹூண்டாய் அந்த ஆலையை வாங்க ஒப்பந்தம் செய்தது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990களின் பிற்பகுதியிலிருந்து அதற்கென உருவான உதிரிபாக நிறுவனங்கள் பல, அதன்பின் தளேகாவ், சாகண் பக்கம் கிளை திறப்பதா, அங்குள்ள பட்டறைகளுக்கு வேலையைப் பகிர்ந்து தருவதா என்ற கணக்கில் இருந்தன.